சிக்கிள் செல்லுக்கு மரபணுத் திருத்தம் வந்துவிட்டது, எங்கள் மலைக்கு எப்போது வரும்?

#1 கூடலூர் மழை

நீலகிரியில் லேப் டெக்னீஷியனாகப் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். என் மேஜையில் தினமும் நடக்கிற ஒரு காரியத்திலிருந்து தொடங்குகிறேன்.

சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனை அது. ஒரு கண்ணாடிக் குழாயில் 2 மில்லி கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிஷம் வைப்பேன். அப்புறம் கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்துபோனால் ரத்தத்தில் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் பணியர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் குழாயில் கோடு தெரிந்தது. இரண்டாவதிலும் தெரிந்தது. மூன்றாவதைத் தூக்கிப் பிடித்தேன், கோட்டைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவும் என் தோளுக்குப் பின்னால் நின்று அதே கோட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்த நோய் இந்தியாவில் இருக்கிறது என்பதை உலகம் தெரிந்துகொண்டதே எங்கள் மலையிலிருந்துதான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2023 நவம்பரில் பிரிட்டன், டிசம்பரில் அமெரிக்கா, இந்த நோய்க்கு, டி.என்.ஏ-வை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் செய்த சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. காஸ்ஜெவி என்று பெயர். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் கணக்கில் பதினெட்டுக் கோடி ரூபாயைத் தாண்டும்.

இங்கே மூலக்கூறு உயிரியல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தச் சிகிச்சை உண்மையில் என்ன செய்கிறது? எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதாவது கிடைக்குமா?

#2 மூலக்கூறு

புரத அமைப்பியலில் ஆராய்ச்சி செய்கிறேன். அந்தக் குழாய் ஏன் கலங்குகிறது என்பதிலிருந்தே போகலாம். நோய் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கும். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அது எதிர்மின்னூட்டம் உள்ளது, தண்ணீரோடு ஒட்டி இருக்கும். சிக்கிள் செல்லில் அந்த இடத்தில் வாலின் உட்கார்ந்திருக்கிறது. வாலின் எண்ணெய் மாதிரி, தண்ணீரிலிருந்து விலகி ஒளிய இடம் தேடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வடிவம் மாறும்போது, பக்கத்து மூலக்கூறில் ஒரு சின்னப் பள்ளம் திறக்கிறது. ஃபினைல்அலனினும் லியூசினும் சேர்ந்த பள்ளம் அது. வாலின் போய் அதில் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். ஒன்று இன்னொன்றைப் பிடிக்க, அது மற்றொன்றைப் பிடிக்க, பதினான்கு இழை கொண்ட கயிறாக முறுக்கேறி நீள்கிறது. கயிறு உள்ளிருந்து தள்ளுவதால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிறது. உங்கள் கரைசலில் ஆக்சிஜனை உறிஞ்சும் டைதயோனைட் இருக்கிறது. அது குழாய்க்குள் அதே நிலையை உண்டாக்குவதால்தான் ஹீமோகுளோபின் கரையாமல் கலங்குகிறது. அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் வலி வரும்போது நடப்பதை நீங்கள் குழாய்க்குள் நடத்திப் பார்க்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடித்த வரிசையும் அருமையானது. 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் மின்புலத்தில் இந்த ஹீமோகுளோபின் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டி, இது "மூலக்கூறு நோய்" என்று எழுதினார்கள். ஒரு நோய்க்கு அப்படிப் பெயர் வைத்தது அதுதான் முதல் தடவை. 1956-இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ராம் ஹீமோகுளோபினை டிரிப்சின் நொதியால் துண்டு துண்டாக வெட்டி, வடிதாளில் பரப்பிப் பார்த்தார். முப்பதுக்குப் பக்கமான புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் அந்த ஒற்றை அமினோ அமிலம் அகப்பட்டது.

#3 மலையோரம்

நான் எஸ்டேட் பக்கத்து ஆள். என் தங்கைக்கு எஸ்.எஸ்., அதாவது நோயே இருக்கிறது. பதின்மூன்று வயசு. அதனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

ஒரு சந்தேகம். எந்த இடத்தில் தப்பு என்று 1950-களிலேயே தெரிந்துவிட்டது. கிரிஸ்பர் டி.என்.ஏ-வை வெட்டும் என்கிறார்கள். அப்படியென்றால் காஸ்ஜெவி அந்தத் தப்பைத்தானே திருத்துகிறது?

#4 மூலக்கூறு

இல்லை தம்பி. அந்தத் தப்பை அது தொடுவதே இல்லை. பலரும் இதைத் தவறாகத்தான் எழுதுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாய் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு பீட்டா சங்கிலி முக்கியம் இல்லை, அதற்குப் பதில் காமா சங்கிலி இருக்கிறது. அதைக் கரு ஹீமோகுளோபின் என்பார்கள். பிறந்து சில மாதத்தில் உடம்பு காமாவை நிறுத்திவிட்டு பீட்டாவுக்கு மாறுகிறது. புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் 1948-இல் கவனித்தது இதைத்தான்: சிக்கிள் செல் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் முதல் சில மாதங்கள் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவு. கரு ஹீமோகுளோபின் காப்பாற்றுகிறது என்று அவர் ஊகித்தார். அது சரிதான். உலகத்தில் சிலருக்குப் பெரியவர்களான பிறகும் கரு ஹீமோகுளோபின் நிற்காமல் சுரக்கும். அவர்களுக்கு சிக்கிள் மரபணு இருந்தாலும் நோய் பெரிதாகத் தலைகாட்டாது.

சரி, மாறச் சொல்வது யார்? 2008-இல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஆர்கின் குழு விடை சொன்னது. விஜய் சங்கரன் அந்த வேலையில் முன்னின்றவர். பி.சி.எல்.11ஏ என்ற புரதம்தான் காமாவுக்குப் பிரேக் போடுகிறது. அந்தப் புரதத்தை உடம்பு முழுக்க அழித்தால் ஆபத்து, வேறு அணுக்களுக்கு அது தேவை. ஆனால் சிவப்பணு உருவாகிற அணுக்களில் மட்டும் அந்த மரபணுவைத் தூண்டிவிடும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. காஸ்ஜெவி அந்த இடத்தில் ஒரு வெட்டு வெட்டுகிறது. அணு அதை ஒட்டும்போது சில எழுத்துகள் விட்டுப்போகும். பிரேக் தளர்ந்து, கரு ஹீமோகுளோபின் மறுபடி சுரக்க ஆரம்பிக்கும்.

டி.என்.ஏ-வை வெட்டிக் கெடுப்பது சுலபம், வெட்டிச் சரியான எழுத்தை எழுதுவது கஷ்டம். கெடுத்தாலே நன்மை வருகிற ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்ததுதான் இதில் இருக்கிற மேதைமை என்று நான் நினைக்கிறேன். சார்பெந்தியேவும் டவுட்னாவும் 2020-இல் வேதியியல் நோபல் வாங்கியது கிரிஸ்பர் என்ற கத்திரிக்கோலுக்காக. எங்கே வெட்டுவது என்பதைக் கண்டுபிடித்தது வேறொரு பெரிய உழைப்பு. அந்தப் பெயர்களும் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

#5 கூடலூர் மழை

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எங்கள் குழாய்ப் பரிசோதனை செய்யக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் அதை ஒரு விதியாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காரணம் இப்போதுதான் விளங்குகிறது. நன்றி சார்.

#6 வேலூர் செவிலி

எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் செவிலியாக இருக்கிறேன். மூலக்கூறு சார் எழுதியது அணுவுக்குள் நடப்பது. படுக்கையில் நடப்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற சிகிச்சை என்று நினைத்துவிடுவார்கள்.

முதலில் நோயாளியின் ரத்தத்திலிருந்து, ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களைப் பிரித்து எடுக்க வேண்டும். போதிய அளவு கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று முறைகூட எடுப்பார்கள். அது ஆலைக்குப் போய், திருத்தப்பட்டு, சோதிக்கப்பட்டுத் திரும்பிவர மாதக் கணக்கில் ஆகும். திருத்திய அணுக்களுக்கு மஜ்ஜையில் இடம் வேண்டுமே, அதற்காக புசல்ஃபான் என்ற கடுமையான மருந்து கொடுத்துப் பழைய அணுக்களை ஒழிப்பார்கள். வாய் முழுக்கப் புண்ணாகும். எச்சில் விழுங்க முடியாது. பனிக்கட்டித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, பேச முடியாமல் கையால் சைகை காட்டுகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடி கொட்டும். வாரக் கணக்கில் தனி அறை. பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பெண் பிள்ளைக்கு இதை எந்த வார்த்தையில் சொல்வது?

ஆனாலும் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்க அனுமதிக்குக் காட்டிய கணக்கில், போதுமான காலம் கண்காணித்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கடுமையான வலித் தாக்குதல் ஒன்றுகூட வரவில்லை. வலியில் துடிக்கிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்த எண் என்ன என்று தெரியும்.

இன்னொன்று. இந்த மாதிரி வேலை இங்கே நடக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் ஊர் சி.எம்.சி மருத்துவமனையில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய மூல அணுக்களிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு நின்றது. அந்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. வியாதி வேறு, உத்தி கிட்டத்தட்ட இதே பாதை.

#7 மருந்துச் சீட்டு

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருந்தவன். எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சிக்கிள் செல் பிள்ளைகள் சின்ன வயசில் இறப்பதற்கு நிமோகாக்கஸ் கிருமி ஒரு பெரிய காரணம். இவர்களுக்கு மண்ணீரல் சீக்கிரமே செயலிழந்துவிடும், அதனால் அந்தக் கிருமியைத் தடுக்க ஆள் இருக்காது. 1986-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. தினமும் இரண்டு வேளை பென்சிலின் கொடுத்த குழந்தைகளுக்கு அந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பென்சிலின்! எத்தனை பழைய மருந்து!

அடுத்து ஹைட்ராக்ஸியூரியா. புற்றுநோய்க்கு வந்த மாத்திரை. கரு ஹீமோகுளோபினை உயர்த்தும் என்று கண்டு, 1995-இல் 299 பெரியவர்களிடம் சோதித்ததில் வலித் தாக்குதல் பாதிக்கு நெருக்கமாகக் குறைந்தது. காஸ்ஜெவி கோடிகள் செலவழித்துத் திறக்கிற அதே கதவை இந்த மாத்திரை கொஞ்சமாவது திறக்கிறது. ஏழை நாட்டில் கொடுத்தால் ஆபத்து, ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வசதி இருக்காது என்று ரொம்ப நாள் தயங்கினார்கள். 2019-இல் அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாட்டுப் பிள்ளைகள் 606 பேரிடம் செய்த ஆய்வு அந்தத் தயக்கத்தை உடைத்தது. வலி குறைந்தது, மலேரியா குறைந்தது, ரத்தம் ஏற்றுவது குறைந்தது, சாவும் குறைந்தது.

புது மருந்து என்றாலே நம்பிவிடவும் முடியாது. 2019-இல் அனுமதி பெற்ற வாக்ஸலோட்டர் என்ற சிக்கிள் செல் மருந்தை 2024 செப்டம்பரில் தயாரிப்பாளரே உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். ஹைட்ராக்ஸியூரியா இன்னும் நிற்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மழைக்காலத்தில் ஏழு வாரம் அந்த மாத்திரை வரவில்லை. எட்டாவது வாரம் ஒரு பையனை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மார்பு வலி, மூச்சுத் திணறல், உதடு நீலம். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்தான். அந்த ஏழு வாரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மரபணுத் திருத்தம் பற்றிய செய்தியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் காலி அலமாரிதான் கண் முன்னால் வருகிறது. முதலில் மாத்திரை நிற்காமல் வரட்டும்.

#8 மூலக்கூறு

டாக்டர், நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் "முதலில்" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மாத்திரை தவறாமல் வந்த பிறகு ஆராய்ச்சி என்றால், இந்தப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி என்றைக்கும் வராது. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பணம், வேறு வேறு காலம். ஹைட்ராக்ஸியூரியாவே ஒரு காலத்தில் யாரோ சோதித்துப் பார்த்த புது யோசனைதான்.

டெல்லியில் சி.எஸ்.ஐ.ஆர்-இன் ஐ.ஜி.ஐ.பி ஆராய்ச்சி நிறுவனம், டி.என்.ஏ-வை வெட்டும் காஸ்9 நொதியை வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்து மேம்படுத்தி, சிக்கிள் செல்லுக்கென்றே ஒரு சிகிச்சையை உருவாக்கியிருக்கிறது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக அதற்கு பிர்சா 101 என்று பெயர். 2025 நவம்பரில் அந்தத் தொழில்நுட்பம் தடுப்பூசி தயாரிக்கும் சீரம் இன்ஸ்டிடியூட்டுக்குக் கைமாற்றப்பட்டது. நோயாளிகளிடம் நிரூபிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் விலை என்பது கல்லில் எழுதியது இல்லை. மும்பை ஐ.ஐ.டி-யில் பிறந்த நெக்ஸ்கார்19 என்ற புற்றுநோய் அணுச் சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்று, அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இங்கே கிடைக்கிறது.

செவிலி அம்மா சொன்ன புசல்ஃபான் கொடுமையிலிருந்து தப்ப வேண்டுமென்றால், அணுவை வெளியே எடுக்காமல் உடம்புக்குள்ளேயே திருத்த வேண்டும். 2025-இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்குக் கல்லீரல் நொதிக் குறைபாடு. அந்தக் குழந்தையின் ஒற்றை எழுத்துப் பிழைக்கென்றே ஒரு திருத்தியை ஆறு மாதத்தில் தயாரித்து, கொழுப்புத் துகளில் பொதிந்து ஊசியாகவே கொடுத்தார்கள். கல்லீரல் இந்தத் துகள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும். மஜ்ஜை அப்படி இழுக்காது. இன்று உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் மோதிக்கொண்டிருக்கிற சுவர் அதுதான்.

மலையோரம் தம்பி கேட்டாரே, தப்பையே திருத்த முடியாதா என்று. டேவிட் லியூவின் ஆய்வகம் டி.என்.ஏ-வை முழுதாக வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கருவிகளை உருவாக்கியது. சிக்கிள் செல்லில் ஜி-ஏ-ஜி என்ற டி.என்.ஏ எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி இருக்கிறது. அந்த டி-யை ஏ-வாக நேரே மாற்ற அவர்கள் பயன்படுத்திய கருவியால் முடியாது. ஆனால் டி-யை சி-யாக மாற்றும். ஜி-சி-ஜி என்றால் அலனின். ஆறாவது இடத்தில் அலனின் உள்ள ஹீமோகுளோபின் உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தோனேசியாவில் மக்காசர் என்ற ஊர்ப் பெயரால் அதை அழைக்கிறார்கள். அலனின் சின்னது, அந்தப் பள்ளத்தில் போய் மாட்டாது. 2021-இல் எலிகளில் இதைச் செய்து காட்டினார்கள்.

#9 மருந்துச் சீட்டு

"முதலில்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். "கூடவே" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தச் சிகிச்சை வந்தாலும், பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளையைத் தேடிப்போய் ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வெட்டுகிற கருவி வேறு எங்காவது வெட்டியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். அந்த ஆளைப் பற்றி எந்த அறிவிப்பிலும் நான் படித்ததில்லை.

#10 புதிய உறுப்பினர்

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அக்கா மகனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தோம். ஊரில் நடந்த முகாமில் அவனுக்கு ஏ.எஸ். என்று அட்டை கொடுத்தார்கள். பெண் வீட்டார் நோய் இருக்கிறது என்று பின்வாங்குகிறார்கள். அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவனுக்கும் பின்னால் இந்த வலியெல்லாம் வருமா?

#11 கூடலூர் மழை

அக்காவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் பையனுக்கு நோய் இல்லை.

ஏ.எஸ். என்றால் ஒரு பக்கம் நல்ல மரபணு, ஒரு பக்கம் சிக்கிள். கேரியர் என்போம். அவன் எல்லாரையும்போல வேலை செய்யலாம், விளையாடலாம். கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வருத்தாமல் இருந்தால் போதும், அது எல்லாருக்கும் சொல்வதுதான். இந்த மரபணு இத்தனை தலைமுறையாக நிலைத்ததற்கே காரணம், கேரியராக இருப்பவர்களைக் கடும் மலேரியா எளிதில் சாய்ப்பதில்லை என்பது. 1954-இல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். உங்கள் முன்னோரை அது காப்பாற்றியிருக்கிறது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, பெண்ணின் ரத்தம். பெண்ணுக்கு சிக்கிளும், தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறும் இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைகளில் யாருக்கும் இந்த நோய் வராது, சிலர் கேரியராக இருக்கலாம். குழாய்ப் பரிசோதனையோடு நிற்காமல், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். குழாய் கலங்கினால் கேரியரா நோயாளியா என்று பிரித்துச் சொல்லாது. தலசீமியா கேரியராக இருந்தால் குழாய்க்குத் தெரியவே தெரியாது, அதுவும் சிக்கிளும் சேர்ந்தால் பிள்ளைக்குத் தொந்தரவு வரும்.

பெண்ணும் ஏ.எஸ். என்றால், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு முறை சொல்வேன். நான்கு பிள்ளையில் ஒன்றுக்கு வந்தால் மற்ற மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காசைச் சுண்டுவது மாதிரி அது. அப்போதும் கல்யாணம் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, ஆலோசகரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும்.

அட்டை கொடுக்கிறபோதே இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அட்டையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது பெரிய அநியாயம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கத்தில் ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தார்கள். ஏழு கோடி அட்டை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷப் பேச்சு வேண்டும்.

#12 புதிய உறுப்பினர்

அக்காவிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். மலேரியா பற்றிச் சொன்னதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். பெண் வீட்டுக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். நன்றி ஐயா.

#13 மலையோரம்

தங்கை இந்த இழையைப் படித்துவிட்டாள். இங்கே மழை பிடித்துவிட்டது, குளிரில் கால் வலி எட்டிப் பார்க்கிறது. இரண்டு கம்பளி, சுடுதண்ணீர் பாட்டில், மாத்திரை. இரண்டு நாளாக அதுதான். புசல்ஃபான் பகுதியைப் படிக்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. படித்து முடித்துவிட்டு, எனக்கு இப்போது வேண்டாம், ஊசியாக வந்தால் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அவள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அந்த மக்காசர் ஹீமோகுளோபின் இருக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் வலிக்காதா?

#14 மூலக்கூறு

வலிக்காது என்று சொல்லுங்கள். அவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தையும் வாலினையும் படமாக வரைந்து அனுப்புகிறேன், அவளுக்கு வேறு என்ன சந்தேகம் இருந்தாலும் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.